தளையும் தண்டமும்: குவாண்டம் உகப்பாக்கம் குறித்து ஒரு தமிழ் வாசிப்பு

1

என் அக்கா மகன் டெலிவரி வேலை பார்க்கிறான். காலை எட்டு மணிக்கு உறையூர்க் கிட்டங்கியில் பைகளை எண்ணி வாங்கி வண்டியில் கட்டினான் என்றால் சாலை ரோடு, தில்லைநகர், புத்தூர், அப்புறம் காவிரிப் பாலம் தாண்டித் திருவரங்கம். எந்த வீடு முதலில், எது அடுத்தது என்பதை அவன் தீர்மானிப்பதில்லை, கைப்பேசி தீர்மானிக்கிறது. சொன்ன நேரம் தப்பினால் கூலியில் பிடித்தம். சித்திரை வெயிலில் அலைந்துவிட்டு வந்த ஓர் இரவு, திண்ணையில் காலை நீட்டிக்கொண்டு என்னிடம் கேட்டான்: “மாமா, இந்த போன் எனக்கு வழி சொல்லுதா, இல்ல கம்பெனிக்கு வழி சொல்லுதா?”

தமிழ் எம்.ஏ. படித்தவனிடம் கேட்க வேண்டிய கேள்வி இல்லை. ஆனாலும் அது என்னை விடவில்லை. பதினைந்து வீடுகளுக்குப் போய்வர வேண்டுமென்றால் சாத்தியமான வரிசைகள் 1,30,767 கோடி. இத்தனையில் ஒன்றை ஏதோ ஒரு கணக்கு ‘சிறந்தது’ என்று தேர்ந்தெடுத்து அவன் கையில் கொடுக்கிறது. யாருக்குச் சிறந்தது என்பதுதான் பையன் கேட்டது.

இதே சமயத்தில் நண்பரொருவர் ‘படிச்சுப் பாரு’ என்று ஒரு கட்டுக் காகிதம் கொடுத்திருந்தார். குவாண்டம் கணினி பற்றித் தமிழில் வந்த சில கட்டுரைகள், ஆங்கில ஆய்வுக்கட்டுரைகள் சிலவற்றின் நகல்கள். நம் பக்கத்தில் இதை எதிர்கொள்வதற்கு இரண்டு பழக்கங்கள் ஏற்கனவே தயாராக இருக்கின்றன. ஒன்று, வாயைப் பிளப்பது: குவாண்டம் வந்துவிட்டால் தீராத கணக்கெல்லாம் நொடியில் தீர்ந்துவிடும், இதை நம் முன்னோர் அன்றே சொன்னார்கள் என்பது வரை போகும். மற்றது, படிக்காமலே நிராகரிப்பது: எல்லாம் மூலதனத்தின் சூழ்ச்சி, மேலைப் பகுத்தறிவின் இன்னொரு பெருங்கதையாடல், அவ்வளவுதான். இரண்டுமே பிரதியைத் திறந்து பார்ப்பதில்லை. செய்யுளைச் சீர் பிரித்துப் படிக்கக் கற்றவர்கள் நாம். கணக்கையும் சீர் பிரித்துப் பார்த்தால் என்ன?

2

முதலில், எது கடினம் என்கிறார்கள்?

நாற்பது எழுத்தாளர்களை அழைத்து உறையூரில் ஒரு கருத்தரங்கு நடத்துகிறோம். இரண்டு அறைகள். யாருக்கும் யாருக்கும் ஆகாது என்கிற பட்டியல் நம்மிடம் இருக்கிறது. சிறுபத்திரிகை உலகில் அந்தப் பட்டியலைத் தயாரிப்பதொன்றும் சிரமமில்லை. சண்டைக்கார ஜோடிகளில் முடிந்தவரை அதிகமானவற்றை வெவ்வேறு அறைகளில் உட்காரவைக்க வேண்டும். ‘அ’வுக்கு ‘ஆ’வோடு பகை, ‘ஆ’வுக்கு ‘இ’யோடு பகை, ‘இ’க்கு ‘அ’வோடும் பகை என்றால் மூன்றையும் பிரிக்க வழியே இல்லை, எப்படியும் ஒரு ஜோடி ஒரே அறையில் மாட்டிக்கொள்ளும். எனவே எதை விட்டுக்கொடுப்பது என்று கணக்குப் போட வேண்டியிருக்கிறது. இதைக் கணிதத்தில் ‘பெருவெட்டு’ என்று வைத்துக்கொள்ளலாம். ரிச்சர்டு கார்ப் 1972இல் பட்டியலிட்ட புகழ்பெற்ற 21 கடினமான கணக்குகளில் இதுவும் ஒன்று.

நாற்பது பேரை இரண்டாகப் பிரிக்க ஏறத்தாழ 54,975 கோடி வழிகள். நொடிக்கு ஒரு கோடி வழிகளைச் சோதிக்கும் எந்திரத்துக்கு இது 15 மணிநேர வேலை. அறுபது பேர் வந்துவிட்டால் அதே எந்திரத்துக்கு 1,800 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். சங்கச் சோழர் உறையூரில் இருந்த காலத்தில் தொடங்கியிருந்தால் இப்போதுதான் முடிந்திருக்கும். சேர்வியல் கணக்குகளின் சுபாவம் இது: ஆள் கொஞ்சம் கூடினால் வழிகள் மடங்கு மடங்காகப் பெருகும்.

ஆனால் ஒவ்வொரு வழியாக யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை என்பதையும் உடனே சொல்லிவிட வேண்டும். அறுபது பேர் கணக்கைச் சாமர்த்தியமான முறைகளால் இன்று சாதாரணக் கணினியே முடித்துவிடும். ஆளாளுக்குக் காசு சுண்டிப் போட்டு அறை ஒதுக்கினாலே சராசரியாகப் பாதிச் சண்டைகள் பிரிந்துவிடும். 1995இல் கோமன்சும் வில்லியம்சனும் கொடுத்த முறை, எந்தப் பகைப் பட்டியலாக இருந்தாலும், சிறந்த விடையில் சராசரியாக 87.8 விழுக்காட்டுக்குக் குறையாமல் எட்டும். விழுக்காடு 94ஐத் தாண்டி எல்லாப் பட்டியலுக்கும் உத்தரவாதம் தரும் வேகமான முறை, கணினியியலின் அடிப்படை நம்பிக்கையே கவிழ்ந்தால் ஒழிய, இருக்க முடியாது என்று ஹோஸ்டாட் நிரூபித்திருக்கிறார். ஆக, புதிதாக வருகிற எந்த முறையும் காலியான மைதானத்துக்கு வரவில்லை. நன்றாக ஆடத் தெரிந்தவர்கள் ஏற்கனவே அங்கே ஆடிக்கொண்டிருக்கிறார்கள். தமிழில் வந்த கட்டுரைகளில் இந்தச் செய்தி ஒன்றில்கூட இல்லை.

3

அந்தக் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வரும் வாசகம், குவாண்டம் கணினி எல்லா வழிகளையும் ஒரே நேரத்தில் நடந்து பார்த்துச் சிறந்ததைச் சொல்லிவிடும் என்பது. இது பிழை, வழக்கமாகிப்போன பிழை. எல்லா வழிகளும் ஒன்றாக மேவிய நிலையை உண்டாக்கலாம், உண்மைதான். ஆனால் பார்க்கப்போனால் கையில் கிடைப்பது ஏதோ ஒன்று மட்டும், அதுவும் குலுக்கல் சீட்டுபோல. குலுக்கல் சீட்டுக்கு இத்தனை குளிர்சாதனமும் கோடிகளும் எதற்கு? விஷயம் வேறிடத்தில் இருக்கிறது.

2014 நவம்பரில் எட்வர்டு ஃபார்ஹி, ஜெஃப்ரி கோல்ட்ஸ்டோன், சாம் குட்மன் மூவரும் வெளியிட்ட கட்டுரைதான் இங்கே மூலப்பிரதி. க்யூ.ஏ.ஓ.ஏ. என்ற சுருக்கப் பெயரில் இந்தத் துறை முழுக்கப் புழங்குவது அவர்கள் கொடுத்த முறை. ஓர் எழுத்தாளருக்கு ஒரு க்யூபிட். முதலில் எல்லாப் பிரிவினைகளும் சம எடையில் கலந்து கிடக்கின்றன. பிறகு ஒவ்வொரு பிரிவினையும் எத்தனை சண்டையைப் பிரிக்கிறது என்பதைப் பொறுத்து அதன் அலை ஒரு கோணம் திருப்பப்படுகிறது, அது காமா. அடுத்து எல்லாம் ஒன்றோடொன்று கலக்கப்படுகின்றன. அதற்கு இன்னொரு கோணம், பீட்டா. படித்துறையில் இரண்டு அலைகள் மோதும்போது மேடும் மேடும் சேர்ந்தால் உயரும், மேடும் பள்ளமும் சேர்ந்தால் அடங்கும். அதுபோல நல்ல பிரிவினைகளின் அலைகள் ஒன்றையொன்று தூக்கிவிடவும் மோசமானவை ஒன்றையொன்று அமுக்கிவிடவும் வேண்டும். கோணங்கள் சரியாக அமைந்தால் இது ஓரளவு நடக்கும். குலுக்கலில் நல்ல சீட்டு வரும் வாய்ப்பு கூடும்.

கோணங்களை யார் சரிசெய்வது? இங்கேதான் ‘கலப்பு’ வருகிறது. குவாண்டம் கருவி ஆயிரம் தடவை குலுக்கிச் சீட்டு எடுத்துக் கொடுக்கும். பக்கத்திலிருக்கும் சாதாரணக் கணினி சராசரி பார்த்து, காமாவைக் கொஞ்சம் கூட்டு, பீட்டாவைக் கொஞ்சம் குறை என்று சொல்லும். மறுபடி குலுக்கல், மறுபடி திருத்தம். பறையைத் தீயில் காய்ச்சித் தட்டிப் பார்த்து, ஒலி சேரவில்லை என்றால் மறுபடி காய்ச்சுகிறோமே, அப்படி. தோல் என்னவோ குவாண்டம். காதும் கையும் பழைய கணினிதான்.

ஏன் இந்தக் கூட்டு? கருவிகளின் பலவீனம்தான் காரணம். இன்றைய க்யூபிட்டுகள் இரைச்சல் மிகுந்தவை, நீண்ட கணக்கைத் தாங்கமாட்டாதவை. எனவே குவாண்டத்திடம் சின்னச் சின்ன வேலையாகக் கொடுத்து மீதியைப் பழைய கணினியிடம் விடுகிறார்கள். தொண்ணூறுகளில் நாம் ‘கலப்பு’ என்ற சொல்லை எவ்வளவோ கொண்டாடியிருக்கிறோம். இங்கே அது ஒரு தற்காலிக ஏற்பாட்டின் பெயர்.

4

சரி, பத்தாண்டில் என்ன நடந்தது?

முதல் கட்டுரையின் உத்தரவாதமே அடக்கமானது. ஒவ்வொருவருக்கும் சரியாக மூன்று பகைவர்கள் உள்ள பட்டியலுக்கு, ஒரு சுற்று மட்டும் கலக்கினால், சிறந்த விடையில் 69.24 விழுக்காடு. காசு சுண்டுவதைவிட மேல், 1995ஆம் ஆண்டு முறையைவிடக் கீழ். 2014 டிசம்பரில் அதே மூவரும் வேறொரு கணக்கை எடுத்துக்கொண்டு, அதில் அதுவரை அறியப்பட்ட சாதாரண முறைகளின் உத்தரவாதத்தை வென்றுகாட்டினார்கள். பரபரப்புதான். ஆனால் 2015 மே மாதத்துக்குள் பத்துப் பேர் சேர்ந்து எழுதிய கட்டுரை அதைவிடச் சிறந்த சாதாரண முறையைக் கொடுத்துவிட்டது. அந்தப் பத்துப் பேரில் ஒருவர் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த பிரசாத் ராகவேந்திரா. எனக்கு இந்தச் சம்பவம் பிடிக்கும். குவாண்டம் தோற்றது என்பதற்காக அல்ல. அது சவால் விட்டதால் பழைய கணிதம் ஒரு படி ஏறியது.

2018இல் வேறொரு தடை தெரியவந்தது. கோணங்களைத் திருத்த வேண்டுமானால் எந்தப் பக்கம் சரிவு என்று தெரிய வேண்டும். க்யூபிட்டுகள் பெருகும்போது, பொதுவான சுற்றுகளில், நிலப்பரப்பே கட்டாந்தரையாகத் தட்டையாகிவிடுகிறது, எந்தப் பக்கம் நகர்ந்தாலும் வித்தியாசம் தெரிவதில்லை என்று மெக்லீனும் சகாக்களும் காட்டினார்கள். 2023 இறுதியில் இன்னும் கடுமையான கேள்வி ஒன்று எழுந்தது: தட்டையாகாது என்று நிரூபிக்க முடிகிற சுற்றுகளையெல்லாம் சாதாரணக் கணினியிலேயே போலச்செய்துவிட முடியுமோ? பல வகைகளில் அப்படித்தான் என்று தோன்றுகிறது. மறுபக்கமும் உண்டு. 2024இல் ஜே.பி. மோர்கன் வங்கியின் ஆய்வாளர்களும் மற்றவர்களும் குறிப்பிட்ட ஒரு கணக்கில், 40 க்யூபிட் வரை போலச்செய்து பார்த்து, அளவு கூடக்கூட க்யூ.ஏ.ஓ.ஏ. முந்துவதற்கான சான்று கிடைப்பதாக எழுதினார்கள். சான்று என்றுதான் சொன்னார்கள், நிரூபணம் என்று சொல்லவில்லை.

ஆக, வாக்குறுதி பொய்யும் அல்ல, நிறைவேறியதும் அல்ல. ஆனால் பயன்பாட்டுக்கான வரிசை நிற்கவில்லை. பெய்ஜிங் டாக்சிகளின் வழித்தடம் (ஃபோக்ஸ்வேகன், 2017, இதில் க்யூ.ஏ.ஓ.ஏ. அல்ல, அதன் உறவுக்கார முறை), விமான நிறுவனங்கள் எந்த விமானத்தை எந்தப் பயணத்துக்கு ஒதுக்குவது என்ற கணக்கு, ஜெர்மன் ரயில்களின் நேர அட்டவணை (2021) என்று சோதனைகள் நடந்திருக்கின்றன. எல்லாமே போக்குவரத்து, எல்லாமே பணி ஒதுக்கீடு. என் அக்கா மகனின் உலகம். சென்னை ஐ.ஐ.டி. 2022 செப்டம்பரில் ஐ.பி.எம்.மின் குவாண்டம் வலையமைப்பில் சேர்ந்தது. இந்தியாவிலிருந்து சேர்ந்த முதல் நிறுவனம் அது. இந்த மொழி நம் ஊருக்கும் வரப்போகிறது. கருவி வெல்கிறதா தோற்கிறதா என்பதைவிட, எந்த மொழியில் நம்மை எழுதப்போகிறது என்பதையே நான் கவனிக்க விரும்புகிறேன்.

5

இரண்டு சொற்களைப் பார்ப்போம்.

நம் பள்ளிக்கூடக் கணிதப் புத்தகம் உள்ளீட்டை வெளியீடாக்கும் விதியைச் ‘சார்பு’ என்கிறது. பத்தாம் வகுப்பில் முதல் பாடமே ‘உறவுகளும் சார்புகளும்’. இந்த முறைகளின் அடியில் ஒரு ‘செலவுச் சார்பு’ இருக்கிறது. எது நல்ல விடை, எது கெட்ட விடை என்று எண்ணால் சொல்வது அது. காமா, பீட்டா, க்யூபிட் எல்லாம் அதற்கு ஊழியம் செய்பவை. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் சொல்லில் ஒருபக்கம் சாய்தல் என்ற பொருள் இல்லை. தமிழில் இருக்கிறது. சார்பு என்றால் சாய்வு, பட்சம், யாரோ ஒருவர் பக்கம் நிற்பது. கலைச்சொல் ஆக்கியவர்கள் இதை நினைத்திருக்கமாட்டார்கள். மொழி நினைத்திருக்கிறது.

இன்னொன்று, ‘உகப்பாக்கம்’. மிகச் சிறந்ததைத் தேடும் கணிதத்துக்கு இந்தப் பெயர். ‘உகப்பு’ என்றால் மகிழ்ச்சி, உவப்பு. காவிரிக்கு அக்கரையில் வைணவ உரைகாரர்கள் திரும்பத் திரும்பப் பயன்படுத்திய சொல். அங்கே உகப்பு தனியே நிற்காது. யாருடைய உகப்பு என்பது கூடவே வரும். பெருமாளின் உகப்பா, அடியாரின் உகப்பா என்பதில்தான் அவர்களுடைய விவாதமே. நவீனக் கணிதம் உகப்பை எடுத்துக்கொண்டு யாருடையது என்ற கேள்வியைக் கழற்றிவிட்டது. ‘உகந்த வழி’ என்று கைப்பேசி சொல்கிறது. உகந்தவர் யார்?

6

இனி என் தொழிலுக்கு வருகிறேன்.

குறள் வெண்பாவில் ஏழு சீர். முதல் ஆறு சீர்களில் மாச்சீர் இரண்டு, விளச்சீர் இரண்டு, காய்ச்சீர் நான்கு ஆக எட்டு வகை வரலாம். ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒன்று. தளையைக் கணக்கில் கொள்ளாமல் அடுக்கினால் மொத்த ஓசை அமைப்புகள் 10,48,576. இப்போது தளையைக் கொண்டு வாருங்கள்: மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர். ஒவ்வொரு சந்திப்பிலும் அடுத்த சீரின் முதலசை தீர்மானமாகிவிடுவதால், சந்திப்புக்குச் சந்திப்பு வாய்ப்புகள் பாதியாகின்றன. ஆறு சந்திப்புகள். மிஞ்சுவது 16,384. அறுபத்து நாலில் ஒன்று.

வெண்டளை பிறழ்ந்த குறள் என்று ஒன்று கிடையாது. ‘கொஞ்சம் தளை தட்டுகிறது, ஆனால் கருத்து அருமை, போகட்டும்’ என்று வாத்தியார் மதிப்பெண் குறைத்துக்கொண்டு வெண்பா என ஒத்துக்கொள்ளமாட்டார். தட்டினால் அது வெண்பாவுக்கு வெளியே. திருவரங்கத்தில் வேதாந்த தேசிகர் இயற்றிய வடமொழி ‘பாதுகா சஹஸ்ர’த்தில் ஒரு சுலோகத்தின் 32 எழுத்துகளை அரைச் சதுரங்கப் பலகையில் எழுதி, குதிரை ஒரு கட்டத்தையும் விடாமல், எதையும் மறுபடி மிதிக்காமல் தாவிப் போனால் அடுத்த சுலோகம் கிடைக்கிறது. காஷ்மீரத்து ருத்ரடர் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே செய்த வித்தை இது. சித்திரக்கவியைக் கழைக்கூத்து என்று நவீன விமரிசனம் ஒதுக்கியதில் எனக்கும் பங்குண்டு. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டியுள்ளது: அங்கே ஒரு கட்டம் தவறினால் தண்டம் கட்டிவிட்டுத் தொடர முடியாது. விதி விதியாகவே நிற்கிறது.

குவாண்டம் உகப்பாக்கத்தின் தாய்மொழி அப்படி அல்ல. எர்ன்ஸ்ட் ஈசிங் 1925இல் காந்தத்தைப் பற்றி வெளியிட்ட ஒரு மாதிரிதான் அதன் இலக்கணம். சின்னச் சின்ன முள்கள், ஒவ்வொன்றும் மேலே அல்லது கீழே, இரண்டு இரண்டாக அவற்றுக்குள் ஈர்ப்பு அல்லது விலக்கு. அவ்வளவுதான். ஆண்ட்ரூ லூகாஸ் 2014இல் கார்ப்பின் 21 கணக்குகளையும் இந்த மொழிக்கு மாற்றுவதற்கான வாய்பாடுகளைத் தொகுத்தார். இந்த மொழியில் ‘கூடாது’ என்ற வினை இல்லை. ‘ஒருவர் பத்து மணிநேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது’ என்று எழுத வேண்டுமானால், ‘செய்தால் செலவில் இவ்வளவு கூட்டிக்கொள்’ என்றுதான் எழுத முடியும். பெய்ஜிங் டாக்சிக் கணக்கில் ஒரு வண்டிக்கு ஒரே வழிதான் என்ற சாதாரண விதிகூட இப்படித் தண்டமாகத்தான் எழுதப்பட்டது. தண்டத்தின் அளவுக்கு ஓர் எண்; லாம்டா என்று வழக்கமாகக் குறிப்பார்கள்.

இந்த லாம்டாவை யாராவது நிர்ணயிக்க வேண்டும். குறைவாக வைத்தால் விதியை மீறித் தண்டம் கட்டுவதே ‘உகந்த’ விடையாக வரும். கருவி தப்புச் செய்யவில்லை, சொன்னதைத்தான் செய்தது. அதிகமாக வைத்தால் மற்ற வித்தியாசங்கள் எல்லாம் அதற்கு முன்னால் சிறுத்துப்போய், இரைச்சலில் மூழ்கி, தேடல் தடுமாறும். ஆகவே ஆராய்ச்சியாளர் லாம்டாவைக் ‘கணக்கு நன்றாக ஓடுகிற’ அளவில் வைக்கப் பார்ப்பார். அது தொழில்நுட்பத் தேவை. அவர் வில்லன் அல்ல. ஆனால் விதி என்பது விலையாக மாறுகிற இடம் இதுவே. மாறியபின் அது ஓர் எண், அதுவும் கட்டுரையின் பின்னிணைப்பில் ஒளிந்திருக்கும் எண்.

குவாண்டத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. கட்டுப்பாட்டை விலையாக மாற்றும் உத்தி லக்ராஞ்சு காலத்திலிருந்து கணிதத்தில் உண்டு. வேறுபாடு, அங்கே அது பல வழிகளில் ஒன்று. இங்கே அதுவே இயல்பான பேச்சு.

மாற்று இல்லையா என்றால் இருக்கிறது. ஹாட்ஃபீல்டும் அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசாவைச் சேர்ந்த சகாக்களும் 2017இல் இன்னொரு வழியைச் சொன்னார்கள். கலக்கும் படியையே மாற்றி, விதிக்கு உட்பட்ட விடைகளிலிருந்து விதிக்கு உட்பட்ட விடைகளுக்கு மட்டும் நகரும்படி சுற்றை அமைப்பது. தண்டமே தேவையில்லை, மீறலுக்கு அங்கே வழியே இல்லை. நம் குறளில் இதைக் கைவிரல் விட்டு எண்ணிப் பார்க்கலாம். 10,48,576 என்பது இரண்டின் 20ஆம் அடுக்கு. தளையைத் தண்டமாக எழுதினால் 20 க்யூபிட் வேண்டும். 16,384 என்பது 14ஆம் அடுக்கு. தளையை அமைப்புக்குள்ளேயே வைத்தால் 14 போதும். விதியைச் சுமை என்கிறார்கள். இங்கே விதி ஆறு க்யூபிட்டை மிச்சப்படுத்துகிறது. எல்லாக் கணக்குக்கும் இவ்வளவு சுலபமாக வாய்க்காது. தளை அடுத்தடுத்த சீரை மட்டும் தொடுவதால் வாய்த்தது. விதி சிக்கலானால் அதைக் காக்கும் சுற்று நீளும், நீண்டால் இரைச்சல் கூடும். ஆனாலும் ‘வேறு வழியில்லை’ என்ற பேச்சு எடுபடாது. வழி இருக்கிறது, விலை கூடுதல். யார் அந்த விலையைக் கொடுப்பது என்பதுதான் மிச்சம்.

7

ஆக மூன்று இடங்கள். கணக்கிலேயே இல்லாதவை, கணக்கில் தண்டமாக இருப்பவை, தளையாக இருப்பவை. அக்கா மகனுக்கு வாடிக்கையாளரின் நேரம் தண்டமாக இருக்கிறது, அதுவும் அவன் கூலியிலிருந்து. அவன் தலைமேல் காயும் வெயில் கணக்கிலேயே இல்லை. தொழிலாளர் போராட்டங்களின் வரலாற்றை இந்த மூன்று இடங்களுக்கிடையே நடந்த நகர்வாகவும் வாசிக்க முடியும் என்று எனக்குப் படுகிறது.

உறையூரிலிருந்து கொஞ்ச தூரத்தில் பொன்மலை. நாகப்பட்டினத்திலிருந்த ரயில்வே பணிமனை 1928இல் இங்கே மாறியபோது, எத்தனை பேரை வைத்துக்கொள்வது, எவரைக் கழிப்பது என்று நிர்வாகம் போட்டதும் ஓர் உகப்பாக்கக் கணக்குத்தான். அந்தக் கணக்கில் தொழிலாளி செலவு என்ற பக்கத்தில் மட்டும் இருந்தான். ஆட்குறைப்பை எதிர்த்து அந்த ஆண்டு ஜூலையில் தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தம் வெடித்தது. சிங்காரவேலர் சிறைக்குப் போனார். 1946 செப்டம்பர் 5 அன்று பொன்மலை சங்கத்திடலில் துப்பாக்கிச்சூடு, ஐந்து தொழிலாளர்கள் பலி. 1973 ஆகஸ்டில் ரயில் எஞ்சின் ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்த பிறகே, பணி ஏற்றதிலிருந்து இறங்கும்வரை 10 மணிநேரம் என்ற வரம்பை அரசு ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டது முழுக்கக் காப்பாற்றப்பட்டதா என்பது வேறு கதை. 1974 மே 8 அன்று தொடங்கிய பெரும் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளிலும் எட்டு மணிநேர வேலைநாள் இருந்தது. கணக்கிலேயே இல்லாதிருந்த ஓட்டுநரின் தூக்கம், தளையாக உள்ளே நுழைந்த இடம் 1973.

தண்டம் என்பதே மோசம் என்றும் நான் சொல்ல வரவில்லை. 1948 தொழிற்சாலைச் சட்டம் மிகைநேரத்துக்கு இரட்டைக் கூலி என்றது. அது தண்டம்தான், தொழிலாளி கைக்கு வருகிற தண்டம். ஆனால் அதே சட்டம் அத்தோடு விடவில்லை. மிகைநேரம் மூன்று மாதத்துக்கு 50 மணியைத் தாண்டக் கூடாது என்ற தளையையும் வைத்தது. இரட்டைக் கூலி கொடுக்க வசதியுள்ளவன் மனிதனை முழுசாக வாங்கிவிடக் கூடாது என்ற அறிவு அதில் இருந்தது.

2023 ஏப்ரல் 19 அன்று ஒன்றிய அமைச்சரவை தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது, ஒதுக்கீடு 6,003.65 கோடி ரூபாய். இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 21 அன்று, தமிழ்நாடு சட்டமன்றத்தில் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் நிறைவேறியது: வேலை நேர வரம்புகளிலிருந்து ஆலைகளுக்கு விலக்கு அளிக்க வகைசெய்து, 12 மணிநேர வேலைநாளுக்கு வழிதிறந்த மசோதா. அதை ஆதரித்தவர்கள் சொன்ன சொல் ‘நெகிழ்வு’. தோழமைக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன, தொழிற்சங்கங்கள் கிளர்ந்தன, மே 1 அன்று மசோதா திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார். இரண்டு நிகழ்வுகளுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஒன்றை மற்றதன் சதி என்று காட்டுவது சோம்பேறி விமரிசனம். ஆனால் இலக்கணம் ஒன்று. தளையைத் தளர்த்திப் பேரத்துக்கு உரிய ஓர் எண்ணாக மாற்றுவதற்கு அரசியலில் ‘நெகிழ்வு’ என்று பெயர், கணக்கில் லாம்டா என்று பெயர். சட்டமன்றத்தில் நடந்தபோது நமக்குத் தெரிந்தது, பத்து நாளில் திரும்பப் பெறவைக்க முடிந்தது. மென்பொருளுக்குள் நடந்தால் எந்தத் திடலில் கூடுவது?

8

சங்கங்களும் எழுதுகிறவர்களும் இனிக் கேட்க வேண்டிய கேள்விகள் சில எனக்குத் தெளிவாகின்றன. அதற்குக் குவாண்டம் இயற்பியல் முழுக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பணி அட்டவணையைக் கணக்கிடும் எந்த முறையானாலும், பழையதோ கலப்போ, அதன் செலவுச் சார்பை வெளியே வை. அதில் எது தளை, எது தண்டம் என்று பிரித்துக் காட்டு. தண்டமென்றால் லாம்டா எவ்வளவு, யார் வைத்தது, மீறினால் வரும் தண்டம் யார் பைக்குப் போகிறது. உயிர், உறக்கம், சாப்பாட்டு நேரம் மூன்றும் தண்டத்தில் இருக்கக் கூடாது, தளையில் இருக்க வேண்டும். சுற்று நீளுகிறது என்றால் நீளட்டும். எட்டு மணிநேரத்துக்காகப் பேரம் பேசக் கற்ற சங்கங்களுக்கு இதைப் பேசக் கற்பது பெரிய விஷயமில்லை. நம் தரப்பில் இதை மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் வேண்டும். இயற்பியல் படித்த தோழர்கள் என் விளக்கத்தில் உள்ள பிழைகளைத் திருத்தி எழுதினால் விவாதம் மேலே போகும்.

போன வாரம் அவனிடம் இவ்வளவையும் சொல்லப் பார்த்தேன். தளை, தண்டம் வரை பொறுமையாகக் கேட்டான். “அப்ப மதியம் பன்னெண்டுலேருந்து மூணு வரைக்கும் வண்டி எடுக்கக் கூடாதுன்னு அதுக்குள்ள எழுத முடியும்ங்கிறீங்களா மாமா?” என்றான். முடியும் என்றேன்.

“அப்புறம் ஏன் எழுதல?”

அந்த நேரத்தில் கைப்பேசி ஒலித்தது. இன்னும் இரண்டு வீடு பாக்கி, ஒன்று பாலத்துக்கு அந்தப் பக்கம். எழுந்து போனான்.